தோட்டக் கம்பெனி மூழ்கினால் பாக்கிச் சம்பளமும் நோட்டீஸ் பணமும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். ஆள் கணக்கும் கூலியும் பதியும் செக்ரோல் எழுதியே கண்ணாடி போட்டுக்கொண்டேன். நான் வேலை செய்த தோட்டமும் ஒருநாள் மூடியது. மற்றவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த எனக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி நின்றது. எந்தப் பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரிந்தபோது காலம் பிந்திவிட்டது. அதன் பிறகு சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் பாரம் (படிவம்) நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. சபா, சரவாக்கிற்குத் தொழிலாளர் சட்டம் வேறு.

கேட்டில் பூட்டு தொங்குகிறது, ஆபீசில் ஆள் இல்லை. கம்பெனி திவால் ஆகிவிட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பூட்டு போடுவது ஒரு மனிதனின் வேலை, திவால் ஆக்குவது கோர்ட்டின் வேலை. முதலாளி சும்மா ஓடிப்போயிருக்கலாம். கடன் கொடுத்த பேங்க் தன் பணத்தை மீட்க, சொத்தைக் கையில் எடுக்கும் ரிசீவரை நியமித்திருக்கலாம். இல்லையென்றால் கம்பெனியைக் கலைக்கும்படி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டு, லிக்விடேட்டர் என்கிற கலைப்பாளர் கையில் எல்லாம் போயிருக்கலாம். வரும் கடிதத்தில் 'பெங்குலுங்கான்' என்ற மலாய்ச் சொல் இருந்தால் அது கலைப்பு. 'பெனெரிமா டான் பெங்ஊருஸ்' என்றிருந்தால் அது ரிசீவர். முதலாளி கம்பெனி இல்லாமல் தனி ஆளாக இருந்தால் அவரை 'முஃப்லிஸ்' ஆக்குவார்கள். அந்தக் கோப்பு இன்சால்வன்சி இலாகாவில் இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கேயும் போகாதீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் கம்பெனியின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். கொஞ்சம் கட்டணம் கட்டினால் எஸ்எஸ்எம் என்கிற கம்பெனி ஆணையத்தின் இணையப் பதிவிலேயே அது உயிரோடு இருக்கிறதா, கலைப்பில் இருக்கிறதா, கலைப்பாளர் யார் என்று பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிட வேலை. தோட்டத்தின் பெயர் வேறு, கம்பெனியின் பெயர் வேறு என்பதை மறக்காதீர்கள். பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரில் புகார் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு என்னென்ன பணம் வரவேண்டும்?

மக்கள் 'சம்பளப் பாக்கி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அதற்குள் பல பணங்கள் இருக்கின்றன. செய்த வேலைக்குக் கொடுக்காத சம்பளம் ஒன்று. எடுக்காமல் மிஞ்சிய ஆண்டு விடுப்புக்கான பணம் ஒன்று. முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியதற்கான நோட்டீஸ் பணம் ஒன்று. இத்தனை வருடம் உழைத்ததற்கான பணிநீக்க உதவித்தொகை ஒன்று. கட்டாமல் விட்ட இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) வேறு.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் அதைவிட அதிகம் எழுதாவிட்டால், நோட்டீஸ் காலம் குறைந்தது இவ்வளவு: 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 வருடத்துக்குள் 6 வாரம், 5 வருடமும் அதற்கு மேலும் 8 வாரம். அந்தக் காலத்தைக் கொடுக்காமல் நிறுத்தினால் அந்த வாரங்களின் சம்பளத்தைப் பணமாகக் கொடுக்க வேண்டும். பணிநீக்க உதவித்தொகைக்கு 1980-இல் வந்த விதிகள் இருக்கின்றன. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். பிறகு 2 வருடத்துக்குக் குறைவானவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடத்துக்குள் 15 நாள், 5 வருடம் முதல் 20 நாள். இந்தத் தொகையை வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். மாதம் 1,700 வெள்ளி வாங்கியவர், 18 வருடம் செம்பனைக் காட்டில் இருந்தவர், மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 12 மாதச் சம்பளத்தைக் கூட்டி 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 55.89 வெள்ளி. சம்பளப் பாக்கி 5,100. எட்டு வாரம் என்பது 56 நாள், ஆகவே நோட்டீஸ் பணம் சுமார் 3,130. உதவித்தொகை 18 தடவை 20, அதாவது 360 நாள், சுமார் 20,120. மொத்தம் 28,350 வெள்ளி. சம்பளப் பாக்கியைப் பற்றியே எல்லாரும் சண்டை போடுகிறார்கள், பெரிய தொகை எது என்று பாருங்கள்.

ஒரு வாரம் முன்னாடி கடிதம் கொடுத்தார்களே, அது நோட்டீஸ் இல்லையா?

நோட்டீஸ்தான், ஆனால் குறை நோட்டீஸ். எட்டு வாரம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு வாரம் கொடுத்தால் மீதி ஏழு வாரத்துக்குப் பணம் கேட்கலாம். கோர்ட்டே கம்பெனியைக் கலைக்க உத்தரவு போட்டால், அந்த உத்தரவே தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்திய அறிவிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். அப்போதும் நோட்டீஸ் பணம் கேட்கும் உரிமை அழியாது. கைக்கு வருமா என்பது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

முதலில் எங்கே போவது?

கலைப்பு உத்தரவு இன்னும் வரவில்லை என்றால் லேபர் ஆபீசுக்கு, அதாவது ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு, நாளைக்கே போங்கள். ஈப்போ அரை மணி நேரப் பயணம்தான். அங்கே கொடுக்கும் புகாரை வேலைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்கீழ் அதிகாரியே விசாரித்து உத்தரவு போடுவார். அதைத்தான் லேபர் கோர்ட் என்கிறோம். வக்கீல் தேவையில்லை. உத்தரவை மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் கோர்ட் மூலம் அமல்படுத்தலாம்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 471-ஆம் பிரிவு, கலைப்பு உத்தரவு வந்த பிறகு உயர்நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தக் கம்பெனிமேல் எந்த வழக்கையும் தொடங்கவோ தொடரவோ விடாது. அதுவரை திறந்திருந்த கதவு சாத்திக்கொள்ளும். நாங்கள் செய்த பிழை அதுதான். "அடுத்த வாரம் பணம் வரும்" என்று தோட்ட நிர்வாகியான துரை சொன்ன வாக்கை நம்பி நான்கு மாதம், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நின்றோம். அவரும் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் சொல்லியிருப்பார்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஐசி என்கிற அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், வேலைக் கடிதம், பேங்க் புத்தகம், இபிஎஃப் அறிக்கை. கடிதமே இல்லாமல் இருபது வருடம் வேலை செய்தவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர். பயப்பட வேண்டாம். இபிஎஃப் அறிக்கையில் மாதவாரியாக முதலாளியின் பெயர் விழுந்திருக்கும். நீங்கள் எத்தனை வருடம் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆபீஸ் இன்னும் திறந்திருந்தால் செக்ரோல் பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். மூடிய ஆபீசில் முதலில் காணாமல் போவது காகிதம்தான்.

கலைப்பு உத்தரவு வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை, கதவு மாறியிருக்கிறது. இனிமேல் கலைப்பாளரிடம் 'புக்தி ஹூத்தாங்' கொடுக்க வேண்டும். எனக்கு இவ்வளவு கடன் இருக்கிறது என்று சத்தியம் செய்து கொடுக்கும் பாரம் அது. கலைப்பாளர் தனியார் கணக்காளராக இருக்கலாம், இன்சால்வன்சி இலாகாவாகவும் இருக்கலாம். பாரத்தில் பெசுருஹ்ஜாயா சும்பா என்கிற சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். கூடவே கணக்குத்தாளும் ஆதாரங்களின் நகலும் போக வேண்டும். அசலைக் கொடுக்காதீர்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று சொல்கிறேன். சம்பளம் வராத தொழிலாளர் நிறையப் பேர் என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாரம் போட வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டுக் கலைப்பு விதிகள், எல்லாருக்கும் சேர்த்து மேஸ்திரியோ வேறு ஒருவரோ ஒரே பாரம் கொடுக்க இடம் தருகின்றன. அதோடு ஒரு பட்டியல் இணைக்க வேண்டும்: பெயர், வேலை, எந்த மாதங்களுக்குப் பாக்கி, எவ்வளவு. நம் மண்டோர்கள் (மேஸ்திரிகள்) வாழ்நாள் முழுக்கத் தயாரித்ததே இந்தப் பட்டியல்தானே! எழுத்து சரியாக வராத பாட்டிமார்களை ஒவ்வொருவராக ஈப்போவுக்கு ஏற்றி இறக்குவதைவிட, ஒரு மண்டோரும் ஒரு பழைய கிராணியும் உட்கார்ந்து ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஒரு நிபந்தனை மட்டும்: பட்டியலில் ஒவ்வொருவரும் தன் வரியைப் பார்த்துச் சரி சொல்லட்டும். ஒரே பெயரில் மூன்று முனியம்மா இருப்பார்கள், ஐசி எண் போடாவிட்டால் மூவருக்கும் சிக்கல்.

லேபர் கோர்ட் உத்தரவு முன்பே கையில் இருந்தால் அதை இணையுங்கள். கலைப்பாளர் உங்கள் கணக்கை அப்படியே ஏற்க வேண்டும் என்று இல்லை, அவர் குறைக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணம் எழுதிக் கடிதம் வரும். கோர்ட்டுக்குப் போக அதிலிருந்து நாள் ஓடத் தொடங்கும், ஆகவே கவரைப் பிரிக்காமல் சாமி மேடையில் வைக்காதீர்கள்.

யாருக்கு முதலில் பணம்?

கலைப்புச் செலவு முதலில் போகும். அதற்கு அடுத்த படி தொழிலாளர் சம்பளம். கம்பெனிச் சட்டத்தின் 527-ஆம் பிரிவில், ஒருவருக்கு 15,000 வெள்ளி வரைக்கும், கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 4 மாதத்தில் செய்த வேலைக்கான சம்பளத்துக்கு முன்னுரிமை. பழைய 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த உச்சவரம்பு வெறும் 1,500 வெள்ளி. 2017 ஜனவரி 31-இல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தபோது பத்து மடங்கானது. அடுத்த படிகளில் வேலையில் அடிபட்டதற்கான இழப்பீடு, விடுப்புச் சம்பளம், இபிஎஃப் பாக்கி, அதற்குப் பிறகு வரி.

நோட்டீஸ் பணமும் உதவித்தொகையும் இந்தச் சம்பளப் படியில் ஏறாது. செய்த வேலைக்கான கூலிக்குத்தான் அந்த இடம். மேலே போட்ட கணக்கில் 5,100 முன்வரிசையில் நிற்கும். மீதி 23,250 வெள்ளி உரம் விற்றவர், லாரிக்காரர், டீசல்காரர் ஆகியோரோடு கடைசி வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்கு வெள்ளிக்குப் பத்துக் காசு வந்தாலும் அதிசயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பாரத்தில் எழுதாமல் விடாதீர்கள். எழுதாதவருக்கு அதுவும் இல்லை.

'4 மாதம்' என்பதில் ஒரு குழி இருக்கிறது. தோட்டம் ஜனவரியில் நின்று, கோர்ட் உத்தரவு செப்டம்பரில் வந்தால் என்ன ஆகும்? முந்தைய நான்கு மாதத்தில் நீங்கள் வேலையே செய்யவில்லை. அப்படியானால் ஜனவரி வரைக்குமான பாக்கிச் சம்பளம்கூட முன்னுரிமையை இழக்கும். பொறுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் இதுதான் விலை.

தோட்டத்தை பேங்க் ஏலம் போடப்போகிறதாம். பேங்க் எடுத்தது போக நமக்கு என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குப் பிடிக்கும். கலைப்பு வரிசையில் அடமானக்காரர் தன் சொத்தை வரிசைக்கு வெளியே வைத்து எடுத்துக்கொள்வார். ஆனால் வேலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அங்கேயே குறுக்கே நிற்கிறது. அடமானக்காரர் கேட்டு கோர்ட் உத்தரவால், அல்லது ரிசீவர் மூலம், தொழிலாளர் வேலை செய்த இடமே விற்கப்பட்டால், அந்தப் பணத்தை அடமானக்காரரிடம் கொடுக்கும் முன் தொழிலாளரின் சம்பளப் பாக்கி தீர்க்கப்பட்டதா என்று கோர்ட்டோ ரிசீவரோ உறுதிசெய்ய வேண்டும். பேங்குக்கு முன்னால் நீங்கள்! இதற்கு மட்டும் 'சம்பளம்' என்ற சொல்லுக்குள் பணிநீக்க உதவித்தொகையும் விடுப்புப் பணமும் அடங்கும்.

இதிலும் எல்லை உண்டு: தொடர்ந்த 4 மாதச் சம்பளத்துக்கு மேல் கிடைக்காது. நம் கணக்கில் அது 6,800 வெள்ளி. ஆனாலும் இது நிலத்தின் விலையிலிருந்து வருகிற நிஜப் பணம், கலைப்பு தொடங்கிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும் அந்தக் குழியும் இங்கே இல்லை. ஆகவே ஏல அறிவிப்பு ஒட்டியதைப் பார்த்தால், ஏலத்துக்கு முன்பே கோர்ட்டுக்கும் ரிசீவருக்கும் பெயர்ப் பட்டியலோடு எழுத்தில் தெரிவியுங்கள். பணம் பேங்குக்குப் போன பிறகு கேட்டால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் பை காலியாக இருக்கும். யூனியன் உறுப்பினராக இருந்தால் இந்த வேலையைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடம் ஒப்படையுங்கள். 1954 முதல் இருக்கும் சங்கம், இந்தப் பிரிவு அவர்களுக்குப் புதிதல்ல.

நான் கம்பெனி ஆள் இல்லை, கொந்தராத்துக்காரரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) செம்பனைக் குலை வெட்டினேன். அவர் கைவிரித்துவிட்டார்.

வேலைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் பிடியுங்கள். கொந்தராத்துக்காரர் கூலி கொடுக்காவிட்டால் வேலையைக் கொடுத்த தோட்டமும் பொறுப்பு, தொடர்ந்த 3 மாதக் கூலி வரைக்கும். ஆனால் கூலி கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். இதிலே தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். கொந்தராத்துக்காரர் பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது ஒரே லயத்து (தோட்ட வரிசை வீட்டு) ஆள். மாமன் மச்சான்மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்று தயங்கியே 90 நாள் போய்விடும். புகார் தோட்டத்தின் மேலும் போகிறது என்று சொல்லிப் பாருங்கள், மாமனே கூட வருவார்.

தோட்டத்தை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார்கள். புது முதலாளி "உங்களை எனக்குத் தெரியாது" என்கிறார்.

இது திவால் இல்லை, ஆனால் திவாலோடு சேர்ந்தே வரும். கைமாறிய 7 நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் புது முதலாளி வேலை தர முன்வர வேண்டும். முன்வராவிட்டால் வேலை முடிந்ததாகவே அர்த்தம். நோட்டீஸ் பணம் பழைய முதலாளி தர வேண்டும், உதவித்தொகைக்குப் பழைய முதலாளியும் புது முதலாளியும் சேர்ந்தே பொறுப்பு. புது முதலாளி நியாயமாக முன்வந்தும் நீங்கள் காரணமின்றி மறுத்தால் உதவித்தொகை இல்லை.

நம் ஊருக்கு இது பழைய புண். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட, தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில்தான், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளரே தோட்டத்தை வாங்கட்டும் என்று.

இபிஎஃப் பிடித்தார்கள், கட்டவில்லை. அதுவும் போச்சா?

போகவில்லை. சொல்லப்போனால் இந்தப் பணத்துக்குத்தான் பிடி அதிகம். 1991-ஆம் ஆண்டு இபிஎஃப் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் கம்பெனி கட்டாத சந்தாவுக்கு இயக்குநர்கள் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பு. கம்பெனி செத்தாலும் இயக்குநர் உயிரோடு இருப்பார் அல்லவா? உங்களிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டது குற்றமும்கூட. கேடபிள்யூஎஸ்பி (இபிஎஃபின் மலாய்ப் பெயர்) கிளையில் சம்பளச் சீட்டோடு புகார் கொடுங்கள். லேபர் ஆபீசில் கொடுத்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள். இது வேறு வாசல்.

அரசாங்கம் ஏதாவது தருமா?

முதலாளி வைத்த சம்பளப் பாக்கியை அரசாங்கமே கட்டும் நிதி இங்கே இல்லை. இருப்பது சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதி. 2018-இல் தொடங்கியது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30 என்று குறைந்துகொண்டே போகும். எத்தனை மாதம் என்பது நீங்கள் கட்டிய சந்தாவைப் பொறுத்தது, மூன்று முதல் ஆறு. 1,700 வெள்ளி வாங்கியவருக்கு முதல் மாதம் 1,300-க்குச் சற்று மேல் வரும். பாக்கிச் சம்பளத்துக்காகக் காத்திருக்கும்போது அரிசி வாங்க இது போதும், ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். இதை வாங்குவதால் முதலாளியிடம் கேட்கும் உரிமை குறையாது.

வங்காளதேச, இந்தோனேசிய ஆட்களும் கேட்கலாமா?

சம்பளம், நோட்டீஸ் எல்லாம் கேட்கலாம், வேலைச் சட்டம் நாடு பார்க்காது. காப்புறுதி உதவி மட்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பட்டியலில் அவர்களையும் சேருங்கள். அவர்கள் விசா முடிந்து ஊருக்குப் போகும் முன் பேங்க் கணக்கு விவரமும் ஊர் விலாசமும் வாங்கிவையுங்கள்.

சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல். எனக்கும் இது பொருந்துமா?

கண்டக்டர் என்கிற தோட்ட மேற்பார்வையாளர், ஆபீஸ் ஊழியர் சிலர் கேட்பது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் எல்லாச் சம்பளக்காரருக்கும் பொருந்தும். ஆனால் 4,000-க்கு மேல் வாங்குபவருக்கு 1980 விதிகளின் உதவித்தொகை கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. சம்பளமும் நோட்டீசும் உண்டு.

"இதில் கையெழுத்துப் போடுங்கள், ஆயிரம் வெள்ளி உடனே" என்கிறார்கள்.

ஆயிரத்தை வாங்குங்கள், 'பகுதிப் பணம்' என்று எழுதி. 'முழுக்கத் தீர்ந்தது' என்று இருந்தால் கை வைக்காதீர்கள். சட்டம் தரும் அளவுக்குக் குறைவான ஒப்பந்தம் செல்லாது என்று வேலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது என்றாலும், போட்ட கையெழுத்தை அழிக்கப் போராடுவதைவிடப் போடாமல் இருப்பது சுலபம்.

லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

வீட்டு விவகாரத்தைச் சம்பளப் பாரத்தில் கலக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், யார் சார்பில் கேட்கிறார்கள் என்று பாருங்கள், அதற்குப் பிறகு ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்கிற சட்ட உதவி இலாகாவிடம் கொண்டுபோங்கள். சாவியைக் கொடுத்தால்தான் சம்பளம் என்று யாராவது பேரம் பேசினால் அந்தப் பேச்சையும் எழுதி வையுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

லேபர் கோர்ட் மாதக் கணக்கு. கலைப்பு வருடக் கணக்கு. நிலம் விற்க வேண்டும், விலை ஒத்துவர வேண்டும், வழக்குகள் முடிய வேண்டும். இதற்குள் லயம் இடிக்கப்பட்டிருக்கும், நீங்கள் தாமானுக்கோ பிளாட்டுக்கோ மாறியிருப்பீர்கள். கலைப்பாளரின் கடிதமும் காசோலையும் பாரத்தில் எழுதிய 'லயம் எண் 14'-க்குத்தான் போகும். அங்கே இப்போது கொட்டகை இருக்கும், தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே ஆரம்பத்திலேயே பட்டணத்தில் நிலையாக இருக்கும் மகன் அல்லது தங்கை வீட்டு விலாசத்தைக் கொடுங்கள். விலாசம் மாறும்போதெல்லாம் கலைப்பாளருக்குக் கடிதம் போடுங்கள். கேட்டவர் இறந்துபோனாலும் பணம் வாரிசுக்கு வரும், ஆகவே பாரத்தின் நகல் எந்த டின்னில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.